இடி விழாத சமையலறை

குமரா,

நலமா என்று விசாரித்து ஆரம்பிக்கிற கடிதம் இல்லை இது. நீ நலமாகத்தான் இருப்பாய். சென்னையில் ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு, திருவண்ணாமலையில் இருக்கிற சமையலறையைப் போனிலேயே கட்டி முடிக்கிறவனுக்கு என்ன குறை? எனக்குத்தான் மூன்று நாளாக வயிறு எரிகிறது. அந்த எரிச்சலோடுதான் எழுதுகிறேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் கடிதம், அங்கங்கே பிழை இருக்கும். பிழையைத் திருத்திக்கொண்டு உட்காராதே, விஷயத்தைப் படி. இதை உனக்கு மட்டும் அனுப்பவில்லை. பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் போடப்போகிறேன். ஏன் எல்லோரும் படிக்க வேண்டும் என்பது போகப்போகத் தெரியும்.

முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் திட்டுகிறேன். நீ ஆசை ஆசையாகத் தேர்ந்தெடுத்து, போன வாரம் ஒட்டி முடித்த சாம்பல் நிற டைல்ஸில் பதினோரு டைல்ஸை முந்தாநாள் காலையில் நான் உடைத்துவிட்டேன். கை தவறி உடையவில்லை. உளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு போய், சமையல் மேடைக்கு மேலே இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரைக்கும் சுவரை வெட்டித் திறந்துவிட்டேன். இரண்டு கொத்தனார்கள் இரண்டு நாள் செய்கிற வேலை, நான் ஒருவனே ஒன்றரை மணி நேரத்தில் முடித்தேன். நம்பாவிட்டால் பக்கத்து வீட்டில் கேள். அவர்கள் வீட்டுப் பாத்திரங்கள் அலமாரியிலிருந்து தானாக இறங்கி வந்துவிட்டனவாம். வெள்ளிக்கிழமை கப்போர்டு மாட்ட வருவதாக இருந்தவர்களுக்கும் போன் போட்டு, நான் சொல்கிற வரைக்கும் வராதீர்கள் என்று சொல்லிவிட்டேன். "சார், நீங்க யாரு?" என்று கேட்டார்கள். "அந்த ஊட்டுக்கு வயரிங் பண்ணவன்" என்றேன்.

கோபம் வருகிறதா? வரட்டும். எனக்கும் வந்தது. மூன்று நாளைக்கு முன்னால், நீ வீடியோவில் வந்து எலக்ட்ரீஷியன் ஏழுமலையிடம் பேசினாயே, அப்போது வந்தது. அன்றைக்கு நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். நான் வாயை மூடிக்கொண்டு நின்று நீ பார்த்திருக்கிறாயா? அதிலேயே உனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

நீ மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். உன் கல்யாணம் அடுத்த மாதம். வரப்போகிற ரேவதி கீழ்பென்னாத்தூர்ப் பெண், அங்கேயே டீச்சர். கல்யாணத்துக்கு அப்புறம் இங்கே நம் வீட்டில் இருந்துகொண்டு பஸ்ஸில் பள்ளிக்கூடம் போய்வரப் போகிறாள். காலையில் அவளுக்கும் சித்திக்கும் வேலை சுலபமாக இருக்கட்டும் என்று நீ ஒரு பட்டியல் போட்டாய். இண்டக்‌ஷன் அடுப்பு, ஓவன், கெட்டில், புகை இழுக்கிற மெஷின், தண்ணீர் சுத்தம் செய்கிற மெஷின், புது ஃப்ரிட்ஜ், அதோடு இருக்கிற மிக்ஸியும் கிரைண்டரும். நல்ல எண்ணம்தான், அதைக் குறை சொல்லவில்லை. ஏழுமலை சுவரைத் தட்டிப் பார்த்தான், பழைய சுவிட்ச் போர்டைக் கழற்றிப் பார்த்தான், போனைப் பிடித்துக்கொண்டு உன்னிடம் சொன்னான்.

"சார், இது லைட்டுக்கு இழுத்த வயரு. ஒரே லைன்ல அத்தனையும் ஓடுது. இண்டக்‌ஷன், ஓவன் ரெண்டயும் ஒண்ணா போட்டீங்கன்னா செவுத்துக்குள்ளயே வயரு வெந்துடும். மெயின்லேர்ந்து தனித்தனியா லைன் இழுக்கணும். அப்பறம் எர்த்தே இல்ல சார். மூணாவது ஓட்ட சும்மா ஓட்டதான்."

அதற்கு நீ சொன்னாயே ஒரு பதில்! "அண்ணா, அது எங்க சித்தப்பா போட்ட வயரு. இடியே உழுந்து ஒண்ணும் ஆவல. டைல்ஸ் ஒட்டியாச்சி, இனிமே ஒடைக்க முடியாது. ரெண்டு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்கிக்கலாம், உடுங்க."

ஏழுமலை என்னைத் திரும்பிப் பார்த்தான். "அப்பிடியாண்ணே? இடி உழுந்த வயரா இது?" என்றான். நான் மீசையைத் தடவிக்கொண்டேன். அடுப்புப் பக்கம் உன் சித்தி திரும்பிக்கொண்டாள்.

பி.இ. படித்தவனே, உன்னைக் கேட்கிறேன். காலேஜில் கரண்டைப் பற்றி நான்கு வருடம் படித்தாயே, என் கதையில் இருக்கிற ஓட்டை உனக்குத் தெரியவில்லையா? இடி விழுந்து பிழைத்தவள் இடிக்குத்தானே பயப்பட வேண்டும்? உன் சித்தி மழையில் மொட்டை மாடிக்குப் போய்த் துணி எடுத்துவருகிறாள். ஆனால் இருபத்திரண்டு வருடமாக ஒரு பிளக்கைத் தன் கையால் சொருகியதில்லை. கிரைண்டர் போட வேண்டும் என்றால் என்னைக் கூப்பிடுகிறாள், நீ இங்கே இருந்தவரைக்கும், நான் இல்லாத நேரத்தில் உன்னைக் கூப்பிட்டாள். சமையலறையில் ஒரு மரப்பலகை மேல்தான் நின்று சமைக்கிறாள். மூட்டு வலிக்கு என்று நான் சொன்னேன், நீயும் நம்பினாய். ஒரு நாளாவது, "சித்தி, எதுக்குப் பலக மேல நிக்கிற?" என்று அவளிடம் கேட்டாயா? நீ கேட்டிருந்தால் அவள் சொல்லியிருப்பாளோ என்னவோ.

உன் அப்பாவும் அம்மாவும் ஒரே வருடத்தில் போய்ச் சேர்ந்தபோது உனக்கு மூன்று வயது. அண்ணன் பிள்ளை என்று ஊர் சொல்லும், நான் அந்த 'அண்ணன்' என்கிற வார்த்தையைப் போட்டுச் சொன்னதே இல்லை. உன்னை இடுப்பிலிருந்து இறக்காமல் வளர்த்தவள் அவள். அவள் நிற்கிற இடத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம் முழுக்க.

என் தொழில் உனக்குத் தெரியும். மைக் செட், சீரியல் செட். தீபத்துக்கு நான் கட்டிய சீரியல் லைட்டைப் பார்த்துவிட்டு, மலையைப் பார்க்க வந்த ஜனம் கழுத்தைத் திருப்பிக்கொண்டு போனது என்று சொல்வேனே, அதில் பாதி உண்மை. ஒரு வெள்ளைக்காரர் கோபுரத்தை விட்டுவிட்டு என்னைப் போட்டோ எடுத்தார் என்பது முழு உண்மை. இந்த மாவட்டத்தில் நான் கம்பத்தில் ஏறாத தெரு கிடையாது. கரண்டே என்னைப் பார்த்துப் பயப்படும் என்று டீக்கடையில் சொல்லுவேன். ஆனால் வீட்டு வயரிங் யாரிடமும் போய்க் கற்றுக்கொண்டதில்லை. திருவிழாப் பந்தலுக்கு மூன்று நாளைக்கு வயர் இழுக்கிற கையால், முப்பது வருடம் நிற்க வேண்டிய வீட்டுக்கும் இழுத்தேன். பந்தல் வயரைப் பார்த்தாலாவது ஒதுங்கிப் போவார்கள். சுவருக்குள் போன வயரை யார் பார்ப்பது?

இதை எழுதட்டுமா என்று நேற்று உன் சித்தியிடம் கேட்டேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை. "எழுதுங்க. ஆனா நான் சிரிச்சிக்கினு படுத்திருந்தேன்னு எழுதாதீங்க. நான் கத்தனேன். நீங்கதான் இல்ல" என்றாள்.

அப்படியே எழுதுகிறேன், கேட்டுக்கொள்.

அந்தக் காலத்தில் நாம் பௌர்ணமிக்குப் பௌர்ணமி அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையோரம் இட்லிக் கடை போடுவோம், ஞாபகம் இருக்கும். அன்றைக்குச் சித்திரைப் பௌர்ணமி. ஊரே கொள்ளாத கூட்டம் வருகிற நாள். காலையிலிருந்து உன் சித்தி ஈடு மாற்றி ஈடு மாவு அரைத்துக்கொண்டிருந்தாள். நீ பள்ளிக்கூடம் போயிருந்தாய். நான் கடைக்குக் கட்ட வேண்டிய சீரியல் லைட்டை எரியவிட்டுப் பார்க்கலாம் என்று மீட்டர் போர்டில் வயரைக் கழற்றி, பார்த்துவிட்டுத் திரும்ப மாட்டினேன். மாட்டும்போது கரண்ட் வருகிற பேஸ் இருக்க வேண்டிய இடத்தில் அது திரும்பிப் போகிற நியூட்ரலையும், நியூட்ரல் இடத்தில் பேஸையும் மாற்றி மாட்டிவிட்டேன். மாட்டிவிட்டு டீக்கடைக்குப் போய்விட்டேன். லைட் எரியும், ஃபேன் சுற்றும், கிரைண்டரும் ஓடும். மாறியிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

அது மட்டும் என்றால் ஒன்றும் ஆகியிருக்காது. அதற்கு முன்னாலேயே நான் ஒரு வேலை செய்து வைத்திருந்தேன். கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்குவதுதான் எர்த், அதைப் போட வேண்டும் என்றால் குழி தோண்ட வேண்டும். வீடு கட்டும்போது வெயில், சோம்பல், அப்புறம் திமிர். அதனால் பிளக்கின் மூன்றாவது ஓட்டையில், விரல் நீள வயர்த் துண்டு ஒன்றால் நியூட்ரலையே இணைத்துவிட்டேன். பந்தலில் அப்படித்தான் செய்வோம். ஏழு வருடம் அப்படியே ஓடியது. அன்றைக்கு நியூட்ரல் இருந்த இடத்தில் பேஸ் வந்ததும், அந்தத் துண்டு வயர் வழியாகக் கரண்ட் நேராகக் கிரைண்டரின் உடம்புக்கு வந்துவிட்டது. ஈரத் தரை, வெறும் கால், மாவைத் தள்ளிவிட வைத்த ஈரக் கை. கிரைண்டர் அவளைப் பிடித்துக்கொண்டது.

எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. நான்தான் இல்லையே. கால் மடங்கிப் பின்னால் விழுந்தாள், விழுந்த வேகத்தில் கிரைண்டரும் சாய்ந்து வயர் இழுபட்டு பிளக் பிடுங்கிக்கொண்டது. அதனால்தான் இன்றைக்கு நமக்குச் சோறு போடுகிறாள். பக்கத்து வீட்டு அம்மா சத்தம் கேட்டு ஓடிவந்து பார்த்துவிட்டு, என்னைக் கூப்பிட ஒருத்தரை அனுப்பிவிட்டு, ஆட்டோ பிடிக்கத் தெருவுக்கு ஓடினார். நான் உள்ளே போனபோது அவள் கொட்டிய மாவுக்கு நடுவில் கிடந்தாள். கண் திறந்திருந்தது. இரண்டு விரல் கருத்திருந்தது.

குமரா, நான் அவளைத் தூக்கவில்லை. முதலில் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். பிளக் போர்டைக் கழற்றி, அந்தத் துண்டு வயரைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, திரும்ப மூடி, நான்கு ஸ்க்ரூவையும் முடுக்கினேன். ஆட்டோக்காரர் உள்ளே வந்தால் பார்த்துவிடுவாரே, இத்தனை தெருவுக்கு வயர் இழுத்தவன் வீட்டில் இப்படியா என்று கேட்டுவிடுவாரே என்று. நான்கு ஸ்க்ரூவும் முடுக்குகிற வரைக்கும் உன் சித்தி தரையில் கிடந்தபடி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னாச்சிப்பா?" என்று பக்கத்து வீட்டு அம்மா வாசலில் நின்று கேட்டபோது மலைக்கு அந்தப் பக்கம் ஒரு இடி உருண்டது. கோடை மழைக்கு மேகம் கட்டியிருந்தது. என் வாய் சும்மா இருக்குமா? "இடி எறங்கிடுச்சிம்மா" என்று சொல்லிவிட்டேன். அவ்வளவுதான். அக்கினி மலை இருக்கிற ஊர் இது. இங்கே ஒருத்தி மேல் நெருப்பு இறங்கியது என்றால் ஏன் என்று கேட்க மாட்டார்கள், கையெடுத்துக் கும்பிடுவார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வருவதற்குள் தெருவில் பாதிப் பேர் வாசலில் நின்றார்கள். கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு அம்மா தேங்காய் பழத்தோடு வந்து, கட்டுப் போட்ட அந்தக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்.

நானும் விடவில்லை. ஆடிக்குள் என் கதையில் இடி மலை உச்சியிலிருந்து புறப்பட்டது. கார்த்திகைக்குள் ஜன்னல் வழியாகப் பந்து மாதிரி உள்ளே வந்து, கிரைண்டரை மூன்று சுற்றுச் சுற்றி, அவள் விரலைத் தொட்டுவிட்டு மறைந்தது. அவள் சிரித்துக்கொண்டே படுத்திருந்தாள். கடைசியில் ஒவ்வொரு தடவையும் சொல்வேன், "எறங்கனது இடி. ஆனா என் வயரு அறுந்துதா பாரு!" நீ பள்ளிக்கூடப் பையோடு நின்று, "இடி சூடா இருக்குமா சித்தப்பா?" என்று கேட்டாய். உனக்குப் பக்கத்தில் அவள் கட்டிலில் படுத்திருந்தாள். சூடாக இருக்கும் என்று உனக்கு நான் பதில் சொன்னேன்.

இப்போது தெரிகிறதா, உன் மேல் எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று? நான் விட்ட புளுகை எடுத்து நீ சமையலறைக்கு அஸ்திவாரம் போட்டுவிட்டாய். என் மேல் வர வேண்டிய கோபத்தை உன் மேல் காட்டுகிறேன் என்று நீ நினைக்கலாம். பாதி அப்படித்தான். மீதிப் பாதி உனக்கே உரியது. ஏழுமலை தொழில் தெரிந்தவன், சொன்னான். நீ கேட்கவில்லை. டைல்ஸுக்கு நிறம் பார்க்க மூன்று வாரம் எடுத்துக்கொண்டவனுக்கு, வயர் எங்கே போகிறது என்று பார்க்க மூன்று நிமிஷம் இல்லை.

அன்றைக்கு வீடியோ முடிந்து ஒரு மணி நேரத்தில் ரேவதி அவள் அம்மாவோடு சமையலறையைப் பார்க்க வந்தாள். டேப் எடுத்து வந்திருந்தாள். எங்கே எது வைப்பது என்று அளந்துகொண்டே வந்தவள், "அத்தை, கிரைண்டர் எங்க வெப்பீங்க? இங்கியா?" என்று கேட்டு, அந்த மூலைக்குப் போய் பிளக்கில் கை வைத்தாள். பழைய கிரைண்டர் இருந்த அதே மூலை. உன் சித்தி எங்கிருந்துதான் வந்தாளோ, அந்தப் பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துவிட்டாள். வளையல் ஒன்று உடைந்துவிட்டது. கல்யாணத்துக்கு முன்னால் வளையல் உடைந்தால் சம்பந்தி முகம் எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

"என்னாச்சி அத்தை?" என்றாள் ரேவதி.

"அதத் தொடாதம்மா" என்றாள். அப்போது என்னைப் பார்த்தாள் பார். தரையில் கிடந்து பார்த்தாளே, அதே பார்வை.

மறுநாள் காலையில் டைல்ஸை உடைத்தேன். ஏழுமலை வந்து பார்த்துவிட்டு, "இன்னாண்ணே, உன் இடி வயர நீயே புடுங்கிட்ட?" என்றான். அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சிரிக்கப்போகிறான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை, வயர்ச் சுருளைப் பிரித்தான்.

இப்போது என்ன நடக்கிறது என்று கேட்டுக்கொள், மாற்றாதே. இண்டக்‌ஷனுக்கு மெயினிலிருந்து தனி லைன், கனமான வயர். ஓவனுக்கு இன்னொன்று. கெட்டிலும் மிக்ஸியும் ஒரு லைனில் இருக்கட்டும். ஃப்ரிட்ஜ் யாரோடும் சேராது. நாம் ஊருக்குப் போகும்போது மற்றதையெல்லாம் அணைத்தாலும் அது ஓட வேண்டும். அடுப்புக்கு நேர் மேலே பிளக் கிடையாது, ஆவி ஏறும். தண்ணீர்த் தொட்டிப் பக்கத்திலும் கிடையாது. நீ வரைந்த படத்தில் ஓவன் பிளக் டிராயருக்குப் பின்னால் இருந்தது. ஏதாவது புகைந்தால் டிராயரைக் கழற்றிவிட்டா அணைப்பாய்? சுவிட்ச் எல்லாம் கைக்கு எட்டுகிற மாதிரி மேடைக்கு மேலே. அப்புறம் மெயினில் ஒரு பெட்டி மாட்டியாகிவிட்டது. போன கரண்ட் போன வழியே திரும்பாமல் கொஞ்சம் யார் உடம்பு வழியாகவாவது கசிந்தால், கண் மூடித் திறப்பதற்குள் லைனை அறுத்துவிடும். அந்தக் காலத்தில் அது எனக்குத் தெரியாது என்று சொல்லி நான் தப்பிக்கப் போவதில்லை. எர்த் தெரியும்.

கிரைண்டர் சுவிட்ச் மட்டும் இடது பக்கம் வைக்கச் சொல்லியிருக்கிறேன். உன் படத்தில் வலது பக்கம் இருந்தது. சித்தியின் வலது கையில் கருத்துப்போன அந்த இரண்டு விரலுக்கும் இன்றுவரை தொடுஉணர்ச்சி இல்லை, சூடும் தெரியாது. தோசைக்கல் சுட்டால்கூடத் தோல் நாறிய பிறகுதான் எடுப்பாள். இருபத்தாறு வருடம் அவள் கையால் சாப்பிட்டிருக்கிறாய், இது தெரியுமா உனக்கு?

நேற்று வீட்டுக்குப் பின்னால் மருதாணிச் செடி ஓரம் எர்த் குழி தோண்டினோம். நான்தான் தோண்டினேன், ஏழுமலையைக் கடப்பாரையைத் தொடவிடவில்லை. பாறை வந்தது, அதையும் உடைத்தேன். பாதாளம் வரைக்கும் போயிருப்பேன், ஏழுமலைதான் போதும் என்றான். கம்பியை இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் போட வேண்டும். உப்பு மூட்டையை உன் சித்தி எடுத்து வந்தாள். தானே கொட்டினாள், குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து தானே ஊற்றினாள். தண்ணீர் உள்ளே இறங்குகிற வரைக்கும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் ஏழுமலையிடம் கேட்டாள், என்னிடம் இல்லை.

"ஏம்பா, இது எப்ப ஆரம்பிச்சீங்க?"

"காலைல ஒம்போதுக்குக்கா."

நிமிர்ந்து வெயிலைப் பார்த்தாள். "அர நாளுதானா?" என்றாள்.

நான் குடத்தை எடுத்துக்கொண்டு இன்னொரு தடவை தண்ணீர் பிடிக்கப் போனேன், குமரா.

இன்று காலையில் கிரைண்டர் பிளக்குக்கு லைன் வந்துவிட்டது. ஏழுமலை மீட்டர் வைத்துக் காட்டினான், நானும் வெறுங்காலோடு ஈரத் தரையில் நின்று கிரைண்டர் மேல் கை வைத்துக் காட்டினேன். எர்த் வந்துவிட்டது, இனிமேல் ஒன்றும் ஆகாது, பலகை வேண்டாம் என்று மூன்று தடவை சொன்னேன். சரி என்று தலையை ஆட்டிவிட்டு, பலகையைக் காலால் இழுத்துப் போட்டு, அதன் மேல் ஏறி நின்றுகொண்டு உனக்குப் பிடித்த அடை மாவை அரைக்க என்னைச் சுவிட்ச் போடச் சொன்னாள்.

டைல்ஸுக்காகச் சண்டை போட வேண்டும் என்றால் ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து போடு. வரும்போது காலேஜில் படித்ததையெல்லாம் ஒரு தடவை புரட்டிப் பார்த்துவிட்டு வா. ஒவ்வொரு பிளக்கையும் உன் கையால் சோதித்துப் பார். பார்த்துவிட்டு, பயமில்லை என்று நீ அவளிடம் சொல். நீ சொன்னால் ஒருவேளை இறங்குவாள். நீ இதுவரைக்கும் அவளிடம் கதை விட்டதில்லை.

உன் சித்தப்பா